வீட்டில் பிறக்க வேண்டிய தைரியம்

வருஷந்தோறும் மே மாதம் வந்தால் தமிழ்நாட்டில் இலட்சக்கணக்கான வீடுகளில் ஒரே விதமான கவலை குடிபுகுகிறது. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் உரிய பரீக்ஷை முடிவுகள் வெளிவரும் காலம் அது. முற்காலத்தில் முடிவைக் காண்பதற்காகப் பள்ளிக்கூட வாயிலிலும் பத்திரிகைக் கடை வாயிலிலும் பிள்ளைகள் காத்துக் கிடந்தனர். இப்பொழுது கைபேசியிலேயே அது வந்து விழுகிறது. முடிவு வரும் வழி மாறியதேயன்றி, எதிர்பார்த்த மார்க்கு வராத பிள்ளையின் மனத்தில் முதலில் எழும் கேள்வி மாறவில்லை. ‘இனி என்ன செய்வது?’ என்று அப்பிள்ளை கேட்டுக்கொள்வதில்லை. ‘இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது?’ என்றுதான் கேட்டுக்கொள்கிறது.

இந்த ஒரு கேள்வியைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம். தேச விவகாரங்களைப் பேச வேண்டிய இடத்தில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். சட்டசபையும் தேர்தலும் நிர்வாகமும் எவ்வளவு சீர்திருந்தினாலும், அவற்றை நடத்தவும் தட்டிக் கேட்கவும் வேண்டிய பிரஜைகள் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அநீதியைக் கண்டு எதிர்த்து நிற்கவும், தோற்றபின் மறுபடி எழுந்திருக்கவும் ஒருவன் எங்கே கற்றுக்கொள்கிறான்? அவனுடைய முதல் சர்க்கார் அவனுடைய தகப்பனார். அந்தச் சர்க்காரின் கீழ் அவன் கற்றது எதுவோ, அதையே ஊரிலும் செய்கிறான்.

விஷயத்தின் அவசரத்தை உணர ஒரு புள்ளிவிவரம் போதும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2021ஆம் வருஷத்தில் இந்தியாவில் 13,089 மாணவர்களும், 2022இல் 13,044 மாணவர்களும் தற்கொலை செய்துகொண்டு மாண்டனர். பரீக்ஷையில் தோல்வியே காரணமென்று குறிக்கப்பட்டவை இவற்றுள் ஒரு பகுதிதான். ஒவ்வொரு மரணத்துக்கும் பின்னால் பல காரணங்கள் பின்னிக் கிடக்கும். நோயும் உண்டு, வறுமையும் உண்டு, பள்ளியின் கொடுமையும் உண்டு. ஆதலால் மாண்ட பிள்ளையின் பெற்றோரை நோக்கி விரல் நீட்டுவது நமது நோக்கமன்று. அவர்களுக்கு நேர்ந்த துக்கமே ஏழு ஜன்மத்துக்குப் போதும். உயிரோடிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காகவே எழுதுகிறோம்.

பிள்ளைக்குப் பயம் இருந்தால்தான் ஒழுங்கு இருக்கும் என்பது நம்மவர்களிடையே வேரூன்றிய அபிப்பிராயம். அதற்குப் பழமொழியும் உண்டு. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டுமாம், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டுமாம். இதைச் சொல்லுகிறவர்கள் அதே முருங்கையைப் பற்றிய மற்றொரு பழமொழியை மறந்துவிடுகிறார்கள். முருங்கை பருத்தாலும் தூணாகாது. ஒடித்து ஒடித்து வளர்த்த மரம் கீரையும் காயும் கொடுக்கும், காற்றடித்தால் முறியும். வீட்டைத் தாங்கும் தூண் வேண்டுமென்று ஆசைப்படுகிறவன் முருங்கை வளர்க்கும் முறையைக் கைக்கொள்ளலாமா?

நமது தேச சரித்திரத்திலிருந்தே இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பிள்ளை திருடினான். இரண்டிலும் தகப்பனார் முன்கோபி.

முதல் வீடு கத்தியவாரில், ராஜ்கோட்டில் இருந்தது. தகப்பனார் கரம்சந்த் காந்தி சமஸ்தானங்களில் திவானாக இருந்தவர்; உண்மையும் தைரியமும் உடையவர், ஆனால் சீக்கிரம் கோபம் கொள்பவர் என்று அவர் மகனே எழுதியிருக்கிறார். பதினைந்து வயதுப் பிள்ளை மோகனதாஸ், தமையனுக்கு ஏற்பட்ட சுமார் 25 ரூபாய்க் கடனைத் தீர்ப்பதற்காக, அந்தத் தமையனின் கைக்காப்பிலிருந்தே சிறிது தங்கத்தை வெட்டி எடுத்தான். கடன் தீர்ந்தது, மனம் ஆறவில்லை. வாயால் சொல்லத் துணிவு வராமல், குற்றத்தை ஒரு காகிதத்தில் எழுதி, தக்க தண்டனை தரும்படி கேட்டு, நோயுற்றுப் பலகைக் கட்டிலில் படுத்திருந்த தகப்பனாரிடம் நடுங்கும் கையால் கொடுத்தான். அவர் எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து காகிதம் நனைந்தது. சிறிது நேரம் கண்களை மூடி யோசித்தார். பிறகு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். அடியுமில்லை, ஒரு கடுஞ்சொல்லுமில்லை. அன்று கண்டதைத் தமக்குக் கிடைத்த அஹிம்சைப் பாடமாகவே காந்தியடிகள் 1925 முதல் வாரந்தோறும் வெளியிட்ட சத்திய சோதனையில் குறிப்பிட்டார்.

இக்கதையை நாம் அனைவரும் பள்ளிப் பாடத்தில் படித்தவர்களே. தகப்பனாரின் மன்னிப்பையே எல்லோரும் பாராட்டுகிறோம். அதைவிட முக்கியமான ஒன்று அதற்கு முன்பே நடந்துவிட்டது. அந்தப் பிள்ளை அந்தக் காகிதத்தை எழுதினான் என்பதே அது. யாரும் அவனைப் பிடிக்கவில்லை, யாரும் விசாரிக்கவில்லை. பேசாமல் இருந்திருந்தால் விஷயம் வெளியே வந்திராது. அப்படியிருக்க, அவன் ஏன் எழுதினான்? தகப்பனார் அடிப்பார் என்று தாம் அஞ்சவில்லை, அவர் பிள்ளைகளில் யாரையும் அடித்ததாகவே தமக்கு நினைவில்லை, அவர் மனம் நோகுமே என்றுதான் அஞ்சினேன் என்று காந்தியடிகள் விளக்கம் தருகிறார். அடிக்கு அஞ்சும் பிள்ளை மறைக்கக் கற்றுக்கொள்கிறது. மனம் நோகுமே என்று அஞ்சும் பிள்ளை சொல்லக் கற்றுக்கொள்கிறது. பிற்காலத்தில் நீதிபதியின் முன் நின்று, ‘ஆம், நான்தான் செய்தேன், உச்ச தண்டனையைக் கொடுங்கள்’ என்று 1922இல் ஆமதாபாத்தில் கேட்ட மனிதருக்கு, அப்படிக் கேட்கும் பழக்கம் தகப்பனாரின் கட்டிலருகே தொடங்கிவிட்டது என்று எண்ணுவதில் பிழையுண்டோ?

கோர்ட்டுகளில் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். 1872ஆம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டத்தின் 24, 25ஆம் பிரிவுகளின்படி, மிரட்டலாலோ ஆசை காட்டியதாலோ பெறப்பட்ட குற்ற ஒப்புதல் செல்லாது. போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றவாளிக்கு விரோதமாக நிரூபிக்கவும் இயலாது. 2024 ஜூலை 1 முதல் அமுலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. காரணம் வெளிப்படை. பயத்தால் வரும் வார்த்தைக்கு மதிப்பில்லை; அடிபடுகிறவன் அடியை நிறுத்துவதற்கு எது வேண்டுமோ அதைச் சொல்லுவான். கொலைக் குற்றவாளிக்குச் சட்டம் அளிக்கும் இந்தப் பாதுகாப்பு, எட்டு வயதுப் பிள்ளைக்கு வீட்டில் இல்லை. பிரம்பைக் கையில் எடுத்துக்கொண்டு ‘உண்மையைச் சொல்’ என்கிறார் தகப்பனார். எந்த மாஜிஸ்திரேட்டும் ஏற்காத வாக்குமூலத்தைப் பெற்றுக்கொண்டு, பிள்ளையைத் திருத்திவிட்டதாகத் திருப்தியடைகிறார்.

இரண்டாவது வீடு அலகாபாத்தில் இருந்தது. தகப்பனார் மோதிலால் நேரு, புகழ்பெற்ற வக்கீல். அவருடைய மேஜையில் இரண்டு பவுண்டன் பேனாக்கள் இருந்தன. ஒரே சமயத்தில் இரண்டு எதற்கு என்று நியாயம் கற்பித்துக்கொண்டு, ஐந்தாறு வயது ஜவாஹர் ஒன்றை எடுத்துக்கொண்டான். தேடுதல் பலமாக நடந்தது. பயந்துபோன பிள்ளை வாய் திறக்கவில்லை. பேனா அகப்பட்டது; பிள்ளையும் அகப்பட்டான். சில நாட்கள் உடம்பில் களிம்பு தடவ வேண்டிய அளவுக்கு அடி விழுந்தது. 1936இல் வெளியான சுயசரிதையில் நேரு இதைச் சொல்லி, தகப்பனார்மேல் தமக்கு வன்மம் உண்டாகவில்லை, தண்டனை நியாயந்தான், ஆனால் அளவு மிஞ்சியது என்று பெருந்தன்மையோடு எழுதியிருக்கிறார்.

‘பார்த்தீர்களா, அடித்து வளர்த்த பிள்ளையும் தேசத்தின் பிரதம மந்திரியாகத்தானே ஆனார்!’ என்று வாதிப்பவர்கள் உண்டு. அவர்கள் அதே புஸ்தகத்தின் அடுத்த பக்கங்களையும் படிக்க வேண்டும். தகப்பனாரிடம் பயமும் வியப்பும் கலந்திருந்தன. தாயிடம் பயமே இல்லை. ஆதலால் தகப்பனாரிடம் சொல்லத் துணியாததையெல்லாம் தாயிடம் சொல்லிவந்ததாக நேரு எழுதுகிறார். அடிபட்ட அன்றும் அவர் ஓடியது தாயிடந்தான். அவ்வீட்டில் சொல்லத்தக்க ஒருவர் இருந்தார். அந்த ஒருவரும் இல்லாத வீடுகளில் அதே அடி என்ன செய்யும் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

மோதிலாலும் அந்தப் பேனா நாளோடு நின்றுவிட்ட தகப்பனார் அல்லர். 1919இல் ரௌலட் சட்டத்தை எதிர்த்துச் சத்தியாக்கிரகத்தில் சேர மகன் துடித்தபோது அவர் அதை விரும்பவில்லை. வீட்டில் நாட்கணக்காக வாதம் நடந்தது. ஆனால் கட்டளையிட்டு வாயை அடைக்கவில்லை. சிறையில் மகன் தரையில் படுக்க நேருமே, அது எப்படியிருக்கும் என்று அறிவதற்காக, அந்தச் சுகவாசி இரகசியமாகத் தாமே தரையில் படுத்துப் பார்த்தார். 1921 டிசம்பரில் தந்தையும் மகனும் ஒரே நாளில் கைதாகிச் சிறை புகுந்தனர். மகனோடு மாறுபட்டுக்கொண்டே மகனுடைய கஷ்டத்தைத் தம் முதுகில் ஏற்றுப் பார்த்த அந்த இரவு, பவுண்டன் பேனாவுக்காக விழுந்த அடிகள் அனைத்தையும்விட ஜவாஹர்லாலுக்கு வலிமை அளித்திருக்கும் என்பது நமது அபிப்பிராயம்.

இவ்விஷயத்தில் விஞ்ஞான முறையில் ஆராய்ந்தவர்களும் இதே முடிவுக்கு வந்திருக்கிறார்கள். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற மனோதத்துவ அறிஞரும் அவருடைய சகாக்களும் குழந்தைப் பருவம் முதல் நடுவயது வரையில் தொடர்ந்து கவனித்து வந்தனர். அவர்களில் பலர் வறுமை, பெற்றோரின் சச்சரவு, குடி, மனநோய் முதலிய பல தொல்லைகளின் நடுவே வளர்ந்தவர்கள். இப்படிப் பல தொல்லைகளுக்கு ஒருங்கே ஆளான பிள்ளைகளிலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் தன்னம்பிக்கையும் அன்பும் உழைப்பும் உடைய மனிதர்களாகத் தேறினர். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றுள் இரண்டை இங்கே குறிப்பிடுகிறோம். தாயோ, பாட்டியோ, மாமனோ, ஆசிரியரோ, தன்னை எந்த நிலையிலும் ஏற்றுக்கொள்ளும் பெரியவர் ஒருவராவது அவர்களுக்கு இருந்தார். மேலும், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற, பிறருக்கு உண்மையில் தேவைப்பட்ட ஒரு பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. ஏற்றுக்கொள்ளும் ஒருவர், ஒப்படைக்கப்பட்ட ஒரு வேலை: மன உறுதிக்கு இவ்விரண்டும் வேர்.

முதல் வேரை மறந்தால் என்ன நேரும் என்பதற்கும் உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. துக்கத்தோடுதான் இதை எழுதுகிறோம். கரம்சந்தின் கண்ணீரால் உருவான அதே மோகனதாஸின் மூத்த மகன் ஹரிலால். தென்னாப்பிரிக்காவில் 1908 முதல் பலமுறை சிறை சென்று, சின்ன காந்தி என்று ஜனங்களால் அழைக்கப்பட்ட வாலிபர் அவர். தாமும் தகப்பனாரைப் போல் இங்கிலாந்து சென்று பாரிஸ்டராக வேண்டுமென்று ஆசைப்பட்டார். காந்தியடிகளின் நண்பர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா அதற்குப் பொருளுதவி செய்ய முன்வந்தார். அந்தச் சந்தர்ப்பத்தைத் தம் மகனுக்குக் கொடுப்பது தர்மமாகாதென்று கருதிய காந்தியடிகள், வேறொருவரை அனுப்பினார். 1911இல் ஹரிலால் வீட்டைவிட்டு வெளியேறினார். 1915இல், தம் மனக்குறைகளையெல்லாம் தகப்பனாருக்கு ஒரு நீண்ட கடிதமாக எழுதி, அதை அச்சிட்டுப் பிறருக்கும் கொடுத்தார். அதன்பின் வியாபார நஷ்டம், கடன், குடி என்று வாழ்வு சரிந்தது. தகப்பனார் மறைந்த சில மாதங்களில், 1948 ஜூனில், பம்பாயில் ஹரிலாலும் மறைந்தார்.

ஒரு மனிதனின் வீழ்ச்சிக்குத் தகப்பனார் ஒருவரே காரணமென்று தீர்ப்புச் சொல்வது அநியாயம். ஹரிலாலின் பிழைகள் ஹரிலாலுடையவையே. அவருடைய தம்பிமார் மூவரும் அதே தகப்பனாரிடம் வளர்ந்து தேசப் பணியில் நிலைத்து நின்றனர். எனினும், பிள்ளைகளின் கல்வி விஷயத்தில் தம்மீது குறைப்பட அவர்களுக்குக் காரணம் உண்டென்று காந்தியடிகளே ஒப்புக்கொண்டிருக்கிறார். இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மகன் தகப்பனாரின் கையில் நேரே கொடுத்த காகிதம் ஒன்று. நேரே கொடுத்துப் பயனில்லை என்று மனமுடைந்து, ஊரார் பார்க்க அச்சிட்ட காகிதம் மற்றொன்று. உலகத்துக்கெல்லாம் செவி கொடுத்த மகாத்மாவுக்கே சொந்த மகனுக்குச் செவி கொடுப்பது இவ்வளவு கடினமாக இருந்ததென்றால், நம்மைப் போன்றவர்கள் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்!

இனி இரண்டாவது வேர். அடியும் அதட்டலும் கூடாதென்று சொன்னவுடன், பிள்ளைக்கு எந்தக் கஷ்டமும் தெரியாமல் வளர்ப்பதே அன்பு என்று சிலர் எண்ணிவிடுகிறார்கள். வசதியுள்ள குடும்பங்களில் இந்நாளில் பெருகிவரும் தவறு இது. பத்து வயதுப் பிள்ளையின் புஸ்தகப் பையைத் தாய் சுமக்கிறாள். வகுப்பில் கொடுத்த வேலையைத் தகப்பனார் செய்கிறார். சகமாணவனோடு சண்டை வந்தால், தீர்த்துவைக்கப் பெற்றோர் பள்ளிக்கு ஓடுகிறார்கள். எந்தக் கல்லூரி, எந்தப் படிப்பு என்பதெல்லாம் பிள்ளை விழித்துப் பார்ப்பதற்குள் முடிவாகிவிடுகிறது. இவ்வளவும் செய்துவிட்டு, ‘இவனுக்குத் துணிவே இல்லையே’ என்று குறைப்படுகிறார்கள். தண்ணீரில் இறங்காமல் நீச்சல் வருமா? நான் செய்தேன், என்னால் முடிந்தது என்ற அனுபவமே தன்னம்பிக்கைக்கு முதற்காரணம் என்று ஆல்பர்ட் பண்டூரா என்னும் அறிஞர் 1977இல் விளக்கினார். நமது பாட்டிமார் அந்த ஆராய்ச்சியைப் படிக்காமலே, ஏழு வயதுப் பேரனைக் கடைக்கனுப்பிச் சில்லறைக் கணக்குக் கேட்டார்கள்.

தோல்வியும் இந்த அனுபவத்தைச் சேர்ந்ததே. 1891இல் பாரிஸ்டராகத் திரும்பிவந்த காந்தியடிகள், பம்பாய் ஸ்மால் காஸ் கோர்ட்டில் முதன்முதல் ஒரு வழக்கில் எழுந்து நின்றார். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். தலை சுற்றியது, ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். வாங்கிய 30 ரூபாய்ப் பீஸைத் திருப்பிக் கொடுத்து, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லி வெளியேறினார். அவருடைய படிப்புக்குப் பணம் செலவிட்டு, அவர்மீது மலைபோல் நம்பிக்கை வைத்திருந்தவர் தமையனார் லக்ஷ்மீதாஸ். அவர் தம்பியைக் கைவிடவில்லை. ராஜ்கோட்டுக்கு வந்த தம்பிக்கு மனுக்கள் எழுதும் வேலை கிடைக்கும்படி செய்தார். மாதம் சுமார் 300 ரூபாய் வரும்படியும் வந்தது. பம்பாய்க் கோர்ட்டில் வாயடைத்து நின்ற அந்த வாலிபர்தான், 1893இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் குளிரில் உட்கார்ந்து, திரும்பிப் போவதில்லை என்று தீர்மானித்தார். தோற்றவனுக்குத் திரும்பிவர ஒரு வீடு இருந்தது. அதனால் அடுத்த தடவை, திரும்பாமல் நிற்க முடிந்தது.

புகழ்வதிலும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்காவில் பத்து முதல் பன்னிரண்டு வயதுள்ள பிள்ளைகளிடம் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இருவர் நடத்திய சோதனைகள் 1998இல் வெளிவந்தன. ஒரு கணக்கை முடித்தவுடன் சில பிள்ளைகளை ‘நீ மகா புத்திசாலி’ என்றும், சிலரை ‘நன்றாக உழைத்தாய்’ என்றும் பாராட்டினார்கள். பிறகு கடினமான கணக்குகளைக் கொடுத்தபோது, புத்திசாலியென்று புகழப்பட்டவர்கள் சீக்கிரம் சோர்ந்தனர். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் முயன்றனர். பெற்ற மார்க்கைப் பிறருக்கு எழுதித் தெரிவிக்கச் சொன்னபோது, பொய்யாகக் கூட்டி எழுதியவர்களும் புத்திசாலிப் பட்டம் பெற்றவர்களிடையேதான் அதிகம். அடி மட்டுமல்ல, பட்டமும் பிள்ளையை மறைக்கச் செய்யும். ‘எங்கள் பையன் டாக்டராகப் போகிறான்’ என்று உறவினர் கூட்டத்தில் ஐந்து வயது முதல் அறிவித்துவரும் பெற்றோர், அப்பையன் ஒருநாள் தோற்றால் அதைச் சொல்ல இடமில்லாமல் செய்துவிடுகிறார்கள்.

அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா? வேண்டும். கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த டயானா பாம்ரிண்ட் 1960களில் குடும்பங்களை ஆராய்ந்து, பெற்றோரின் போக்கை மூன்று வகையாகப் பிரித்தார். காரணம் கூறாமல் கட்டளையிட்டு அடக்குவது ஒன்று. கேட்டதையெல்லாம் கொடுத்து எதையும் கேளாமல் விடுவது மற்றொன்று. விதியை உறுதியாக வைத்து, அதற்குக் காரணத்தையும் சொல்லி, பிள்ளையின் பதிலையும் கேட்பது மூன்றாவது. தன்னம்பிக்கையும் தன்னடக்கமும் ஒருங்கே அமைந்த பிள்ளைகள் மூன்றாவது வகை வீடுகளிலேயே அதிகமாகக் காணப்பட்டனர். கண்டிப்புக்கும் கொடுமைக்கும் உள்ள வித்தியாசம், வேலிக்கும் விலங்குக்கும் உள்ள வித்தியாசமே. 2009ஆம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, பள்ளிக்கூடத்தில் பிள்ளையை அடிப்பதையும் மனத்தை வதைப்பதையும் தடுத்துவிட்டது. பெற்றோரும் அடிக்கக்கூடாதென்று ஸ்வீடன் தேசம் 1979லேயே சட்டம் செய்தது. வீட்டுக்குள் போலீஸ் வரும் வரையில் காத்திராமல், நமது வீட்டுச் சட்டத்தை நாமே திருத்திக்கொள்வது கௌரவமல்லவா?

பெண் மக்களைப் பற்றி ஒரு வார்த்தை. பையனுக்காவது ஊரில் விழுந்து எழுந்து பழகச் சிறிது இடம் கிடைக்கிறது. பெண்ணுக்கோ உரக்கப் பேசாதே, எதிர்த்துக் கேளாதே, வெளியே போகாதே என்ற மூன்று கட்டளைகளிலேயே பால்யம் கழிகிறது. வழியில் ஒருவன் தொல்லை செய்தால், அவள் அதை வீட்டில் சொல்லுவதில்லை. சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களே என்று அஞ்சுகிறாள். குற்றம் செய்தவன் சுகமாகத் திரிகிறான். குற்றத்தைச் சொன்னவளுக்குத் தண்டனை. இந்த நீதி நிலவும் வீட்டில் தைரியம் எப்படிப் பிறக்கும்?

‘இதெல்லாம் வயிறு நிறைந்தவர்கள் பேசும் பேச்சு. விடிந்தது முதல் இருட்டும் வரை உழைத்து வருகிறவனுக்குப் பிள்ளையோடு உட்கார்ந்து பேச நேரமேது?’ என்ற ஆட்சேபத்தையும் நாம் அறிவோம். அதில் நியாயம் உண்டு. பிள்ளையைப் பட்டறைக்கும் செங்கல் சூளைக்கும் அனுப்பும் வறுமை, பொறுப்பைக் கற்பிப்பதில்லை, பால்யத்தைப் பறிக்கிறது. அதை ஒழிப்பது சர்க்காரின் கடமை, அதற்காகப் போராடுவது நமது கடமை. ஆனால் ஏழைத் தாய் ஒருத்தி அடுப்பருகே உட்கார்ந்து, ‘போனால் போகட்டும், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம், சோறு தின்னு’ என்று சொல்லும் அந்த ஒரு வார்த்தைக்குப் பணம் தேவையில்லை. அந்த வார்த்தையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் குடிசைகளிலிருந்து வந்து உலகை எதிர்த்து நின்றதை நாம் பார்த்திருக்கிறோம்.

அரசியலில் உழைக்கும் நண்பர்களிடம் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. மேடையில் ஏறிப் பேச்சுச் சுதந்திரத்துக்காகத் தொண்டை வறளக் கூவுகிறோம். கேள்வி கேட்கும் உரிமை பிரஜையின் பிறப்புரிமை என்கிறோம். கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும், மகன் ஒரு கேள்வி கேட்டால் ‘எதிர்த்தா பேசுகிறாய்?’ என்று அதட்டுகிறோம். வெளியில் ஜனநாயகம், வீட்டில் ஜமீன்தாரி. தகப்பனாருக்கு முன் வாய் பொத்தி நின்று பழகியவன், நாளை தாசில்தாருக்கு முன்னும் கட்சித் தலைவருக்கு முன்னும் அப்படியே நிற்பான். தனக்குக் கீழே ஒருவன் அகப்பட்டால், அவன் வாயைப் பொத்துவான். வீட்டில் உற்பத்தியாகும் அடிமைத்தனத்தைத் தேர்தலால் ஒழிக்க முடியாது.

ஆதலின் பெற்றோர் ஒவ்வொருவரும் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம். என் பிள்ளை கடைசியாக எப்பொழுது தன் தவற்றைத் தானாகவே வந்து என்னிடம் சொன்னது? ‘என் பிள்ளை தவறே செய்வதில்லை’ என்பது பதிலானால், அவ்வீட்டில் ஏதோ கோளாறு உண்டு. பரீக்ஷை முடிவு வரும் நாளில் சொல்ல வேண்டிய வார்த்தையை அந்த நாளுக்காக வைத்திருக்க வேண்டாம். முதல் நாளே சொல்லிவிடுங்கள். மார்க்கு எதுவானாலும் சாப்பாட்டு வேளைக்கு வீட்டில் இருக்க வேண்டும், பிறகு சேர்ந்து யோசிக்கலாம் என்று சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கை அன்று விசாரிக்க வேண்டாம். மாநிலத்தில் முதல்வர் இன்னாரென்று அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டுச் சர்க்காரே 2017இல் நிறுத்திவிட்டது, உறவினர்களும் நிறுத்தலாம். பிள்ளை பல நாட்கள் உண்ணாமல் உறங்காமல் ஒதுங்கியிருந்தாலோ, வாழ்வில் வெறுப்பாகப் பேசினாலோ, அதைப் பிடிவாதமென்று எண்ணி விட்டுவிடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார் ஏற்படுத்திய டெலி மானஸ் என்னும் இலவச உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம். அவ்வாறு பேசுவதில் வெட்கத்துக்கு இடமில்லை.

கரம்சந்த் காந்தி பெரிய ராஜதந்திரியாக நினைக்கப்படுவதில்லை. அவர் எழுதிய புஸ்தகம் ஒன்றுமில்லை. செய்த பிரசங்கம் ஒன்றும் நமக்குத் தெரியாது. நோய்ப் படுக்கையில் ஒரு காகிதத்தைப் படித்து, அழுது, கிழித்துப் போட்டார். அவ்வளவே அவர் செய்தது. இன்றோ நாளையோ உங்கள் பிள்ளையும் ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் அறை வாயிலில் வந்து நிற்கும். உள்ளே வரலாமா, திரும்பிப் போய்விடலாமா என்று தயங்கும். அந்தத் தயக்கத்தை இன்றே போக்கிவையுங்கள்.